புலி பார்க்கலாம்

புலி வந்த அன்றைக்குப் புளிப்பாறையில் யாரும் உயிருக்குப் பயந்து ஓடவில்லை. காயப்போட்ட புளியை அள்ளத்தான் ஓடினார்கள். மாசி மாதத்து வியாழக்கிழமை, வெயில் சாய்ந்து ஐந்து மணி இருக்கும், ஊருக்கு மேற்கே கிடக்கும் பெரிய பாறையில் எண்பது வீட்டுப் புளியும் வீட்டுக்கொரு பாகமாகப் பிரித்துக் காய்ந்துகொண்டிருந்தபோது, உச்சியில் ஒரு புலி வந்து உட்கார்ந்தது, கொட்டாவி விட்டது, முன்னங்கால்களை நீட்டிப் படுத்தது, கீழே இருக்கிற வீடுகளை ஒவ்வொன்றாக, வாடகைக்கு வீடு பார்க்க வந்த ஆளைப் போல நிதானமாகப் பார்த்தது. பெண்கள் முறமும் சாக்குமாக ஏறி, அதற்கு முதுகு காட்டாமல் குனிந்து, அவரவர் புளியை வாரிக்கொண்டு இறங்கினார்கள். மறுநாள் காலை ரேஷன் கடை வாசலில் ஊர் கூடி, பிற்பகல் மூன்று மணி வரை பாறை புளிக்கு, மூன்றுக்கு மேல் புலிக்கு என்று முடிவு செய்தது. ஊர்த் தலைவர் சென்றாயன் பாறைப் பக்கம் திரும்பி அதை உரக்கச் சொல்லவும் செய்தார். அன்றிலிருந்து புலி அதற்குக் கட்டுப்பட்டது, ஊரில் சில பேரைவிட ஒழுங்காகவே கட்டுப்பட்டது.

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? இரண்டு வருஷமாக அவர்களே வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்த புலிதானே அது.

எல்லாம் ஒரு எழுத்தால் வந்த வினை. யாரோ ஒரு புண்ணியவான் ஃபோனில் இருக்கிற வரைபடத்தில் இந்த ஊரின் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் அடித்துவிட்டுப் போயிருந்தான். இங்கிலீஷுக்கு எல்லா லகரமும் ஒன்றுதான். புளி என்று உள்ளே போனது, ஃபோன் அதைத் தமிழுக்குத் திருப்பியபோது புலி என்று வெளியே வந்தது. புலிப்பாறை, பார்க்க வேண்டிய இடம், சூரியன் மறையும் நேரம் நல்லது. அவ்வளவுதான், சனி ஞாயிறானால் மலைப்பாதையில் கார்கள் ஏறி வரத் தொடங்கின.

பாறையின் அடிவாரத்தில் டீக்கடை வைத்திருந்தவள் மாதம்மா. நாற்பது வயது, பிள்ளை இல்லை, வாய்க்குக் குறைச்சல் இல்லை. முதலில் வந்தவர்களுக்கு அவள் உண்மையைத்தான் சொன்னாள். இது அந்தப் புலி இல்லீங்க, ரசத்துக்குக் கரைக்கிற புளி, பாறையில் காயப்போடுவதால் இந்தப் பெயர் என்று ஒரு பழத்தை உடைத்துக் கையில் கொடுத்தும் காட்டினாள். அவர்கள் அவளைப் பார்த்தார்கள், ஃபோனைப் பார்த்தார்கள், ஃபோனை நம்பினார்கள். டீ குடிக்காமல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்கள். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்து புலி எங்கே என்று கேட்டபோது, வாய்க்கு வந்தது வரட்டும் என்று, நேத்து வந்துச்சு, இன்னிக்குக் காணோம் என்று சொல்லிவிட்டாள். சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. இரண்டு டீ குடித்தார்கள், எந்தப் பக்கமாக வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டார்கள், அவளும் சொல்லிக்கொண்டே போனாள். பிறகு ஊரில் எல்லோருமே நேற்று வந்தது என்று சொல்லப் பழகினார்கள். வந்தவர்கள் அதை ஃபோனில் எழுதினார்கள், நாங்களும் உறுமலைக் கேட்டோம் என்று கூடக் கொஞ்சம் சேர்த்தும் எழுதினார்கள். இரண்டு வருஷம் அத்தனை பேர் எழுதிய பிறகு வராமல் இருக்க அந்தப் புலிக்கு என்ன கல்நெஞ்சா?

வந்த புலியின் உடம்பிலிருந்து புலி வாடை வரவில்லை, புதுப்புளி வாடைதான் வந்தது. பக்கத்தில் போனவர்களுக்குப் பயத்தோடு வாயில் எச்சிலும் ஊறியது. பால்வாடி டீச்சர் நிர்மலாதான் தினமும் காலையில் சத்துமாவு வாங்க வரும் பெண்களுக்கு, முந்தின நாள் சுற்றுலாக்காரர்கள் புலியைப் பற்றி எழுதியதைத் தன் ஃபோனிலிருந்து வாசித்துக் காட்டுவாள். பூனை மாதிரி இருக்கிறது, இரண்டு நட்சத்திரம் என்று ஒருவன் எழுதியிருந்தான். அதை நூறு பேர் ஆமோதித்துக் கட்டைவிரல் அழுத்தியிருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை புலி ஒரு முழம் நீண்டிருந்தது. சும்மா படுத்திருக்கிறது, சத்தமே இல்லை என்று எழுதினார்கள். புலி உறுமக் கற்றுக்கொண்டது. எங்கள் வேன் கண்ணாடியை நக்கியது என்று ஒரு குடும்பம் வேடிக்கைக்கு எழுதிவைத்தது. புலி அந்த வேனைத் தேடி மலைப்பாதையில் பதினோரு வளைவு இறங்கி, கண்ணாடியை நக்கிவிட்டுத்தான் திரும்பியது. நடந்தது என்று எழுதிய ஒன்றை நடத்திக் காட்டாமல் அதற்குத் தூக்கம் வராது போலும். ஊரும் இதைப் புரிந்துகொண்டு, புலி ஆட்டைத் தொடாது என்று எழுதிவிட்டுப் போங்கள் சாமி என்று வருகிறவர்களை எல்லாம் கெஞ்சியது. எழுதினார்கள். ஆடுகள் பாறையில் புலியின் வாலை மிதித்துக்கொண்டு மேய்ந்தன.

வருகிறவர்களோ நாளுக்கு நாள் வேறு மாதிரி ஆனார்கள். ஆரம்பத்தில் வந்தவர்கள் வழி கேட்டார்கள், பெயர் கேட்டார்கள், இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நீங்கள் என்ன ஆட்கள் என்றுகூடக் கேட்டுத் திட்டு வாங்கினார்கள். பிறகு வந்தவர்கள் எதையும் கேட்கவில்லை, எல்லாம் ஃபோனில் இருந்தது. டீ வாங்கி, டம்ளரைப் பாறைக்கு நேராகப் பிடித்துப் படம் எடுத்து, குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்கள். புலிக்கு முதுகைக் காட்டி நின்று ஃபோனுக்குள் தன் தோளுக்கு மேல் தெரிகிற புலியைப் பார்த்தார்கள். முன்னே வந்தவர்கள் பார்க்க வந்தவர்கள், இவர்கள் ஒத்துப் பார்க்க வந்தவர்கள் என்பாள் மாதம்மா. ஃபோனில் கண்டது அப்படியே இங்கே இருந்தால் நிம்மதி, உடனே கிளம்பிவிடுவார்கள். ஒரு கோடு கூடக் குறைய இருந்தால் கோபம்.

இந்த இரண்டு வருஷத்தில் ஊரும் மாறாமலா இருந்தது? ஊர்ப் பலகை, பள்ளிக்கூடப் பலகை, ரேஷன் கடை, மாரியம்மன் கோயில் வளைவு எல்லாவற்றிலும் ளகரத்தைச் சுரண்டி லகரம் எழுதினார்கள். பாறைக்குப் போகிற முக்கில் சென்றாயன் பெரிய மஞ்சள் பலகை வைத்தார்: இங்கே புலி பார்க்கலாம். ஊருக்கு இரண்டு நடை பஸ் வந்தது. முப்பது வயது தாண்டியும் பெண் கிடைக்காமல் இருந்த பையன்களுக்கு, புலிப்பாறை மாப்பிள்ளை என்று தேடி வந்து பெண் கொடுத்தார்கள். மாதம்மாவின் புருஷன் தீர்த்தகிரி புளி ஏற்றிக்கொண்டிருந்த பழைய ஜீப்புக்குப் புலிக்கோடு அடித்து, கீழ் ரோட்டிலிருந்து ஆட்களை ஏற்றி இறக்கினான். பிறந்த ஊர்தான், கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவான். ஆனாலும் வந்தவர்களுக்கு அதுதான் நம்பிக்கை என்று ஃபோனை ஸ்டியரிங் பக்கத்தில் மாட்டி, அதில் பேசுகிற பெண்குரல் இடதுபுறம் திரும்பவும் என்ற பிறகுதான் திரும்பினான். கொஞ்ச நாளில் ஆள் ஏறாத நேரத்திலும் அந்தக் குரல் சொல்லாமல் அவனால் வண்டியைத் திருப்ப முடியாமல் போனது. வீட்டிலும் சோற்றைப் பார்க்காமல் ஃபோனைப் பார்த்துத்தான் சாப்பிட்டான், குழம்பில் உப்பு இல்லாத அன்றைக்கும் நன்றாகச் சாப்பிட்டான்.

பங்குனி பிறந்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை நிர்மலா டீச்சர் காலையில் எதையும் வாசிக்கவில்லை. சத்துமாவை அளந்து கொடுத்துவிட்டு, பால்வாடியைப் பூட்டிக்கொண்டு நேரே டீக்கடைக்கு வந்து, ஃபோனை மாதம்மாவின் முன்னால் வைத்தாள்.

போன வாரம் குச்சியில் கேமரா மாட்டிக்கொண்டு ஒருவன் வந்து போயிருந்தான். புலி படுத்தே கிடந்ததில் அவனுக்கு ஏமாற்றம். ஆட்டை விரட்டிக்கொண்டு மாதம்மா ஓடியதை எடுத்திருந்தான், புலி உறுமியதை எடுத்திருந்தான், இரண்டையும் வெட்டி ஒட்டி, நடுவில் கொஞ்சம் சிவப்பை ஆட்டிக் காட்டி, மேலே எழுதியிருந்தான்: ஞாயிறு மாலை ஐந்து நாற்பதுக்குப் புலிப்பாறையில் டீக்கடை அக்காவைத் தூக்கிச் சென்ற புலி, சுற்றி நின்றவர்கள் கண்ணெதிரே பயங்கரம். மாதம்மா தன் சேலையை அடையாளம் கண்டாள். கீழே கட்டைவிரல்களின் எண்ணிக்கை, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பால் பொங்குவது போல ஏறிக்கொண்டிருந்தது. புலி ஒரு முழம் வளர்வதற்கு நூறு பேர் போதுமாக இருந்தது. இதற்கு நாற்பதாயிரம் பேர் சேர்ந்திருந்தார்கள்.

“ஞாயித்துக்கிழமைன்னா எந்த ஞாயித்துக்கிழமை?” என்று மாதம்மா கேட்டாள்.

டீச்சர் வாசித்தவரை எது எழுதினாலும் அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையே நடந்திருந்தது. மாதம்மா எதையும் வெளியே காட்டிக்கொள்ளாமல் பாய்லருக்குத் தண்ணீர் ஊற்றினாள், தண்ணீர் பாதி வெளியேதான் விழுந்தது.

அன்று சாயங்காலமே ஊர் கூடியது. ஊர் அவளைக் கைவிட்டது என்று யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுச் சொல்ல முடியாது, அவ்வளவு யோசனை சொன்னார்கள். அக்கா வீட்டுக்குப் போய் நாலு நாள் இரேன் என்றார்கள். வேனைத் தேடிப் பதினோரு வளைவு இறங்கின புலி அக்கா வீட்டைத் தேடாதா என்று டீச்சர் கேட்டாள். நாமே மாற்றி எழுதுவோம் என்றார்கள். அங்கேயே உட்கார்ந்து எண்பது வீடும் எழுதினார்கள், அப்படி எதுவும் நடக்கவில்லை, மாதம்மா நலமாக இருக்கிறாள், இப்போதுகூட எங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று. நலமாக இருக்கிற ஒருத்தியை யார் பார்ப்பார்கள்? அதற்கு ஒரு விரல்கூட விழவில்லை. ஊர்க்காரர்கள் உண்மையை மறைக்கிறார்கள் என்று எவனோ அதன் கீழே எழுதியதற்கு ஐயாயிரம் விழுந்தது.

கடைசியில் டீச்சர் எழுந்து நின்று, இன்னொரு வழி இருக்கிறது என்றாள். வரைபடத்தில் அந்த ஊரைத் தொட்டால், கீழே கடைசியில், இப்படி ஒரு இடம் இல்லை என்று அழுத்த ஒரு பொத்தான் இருக்கிறது. அங்கேயே குடியிருக்கிறவர்கள் பல பேர் சேர்ந்து அழுத்தினால் அந்த இடத்தை எடுத்துவிடுவார்கள். இடம் போனால் புலிக்கு நிற்க இடமில்லை.

“ஆனா புலி மட்டும் போவுமா, ஊரும் சேர்ந்து போவுமான்னு எனக்குத் தெரியாது. எல்லாப் பலகையிலயும் நாம அந்தப் பேரைத்தானே எழுதி வெச்சிருக்கோம்” என்றாள்.

பாறை மேல் புலி காதைச் சொறிவதுகூடக் கேட்டது. ஒருவன் தன் புது மருமகளைப் பார்த்தான், ஒருவன் பஸ் வருகிற சாலையைப் பார்த்தான், ஒருத்தி கீற்றுக்குப் பதில் ஓடு போட்ட தன் கூரையைப் பார்த்தாள். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. சென்றாயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பார்க்கலாம் என்றார். எல்லோரும், ஆமாம் பார்க்கலாம், பார்க்கலாம் என்று எழுந்தார்கள். இந்த ஊரில் பெண் கேட்டு வந்தவனுக்கு விருப்பமில்லை என்றால் சொல்கிற சொல் அது, கைமாற்று கேட்டவனுக்குச் சொல்கிற சொல் அது. மாதம்மாவும் அதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள், ஆகவே அவளுக்கு விளக்கிச் சொல்லத் தேவை இருக்கவில்லை.

அதன் பிறகு அவள்மேல் ஊருக்கு வந்த பாசத்தைச் சொல்லி முடியாது. புதன்கிழமை மூன்று வீட்டிலிருந்து கறிக்குழம்பு வந்தது. வாய்க்கால் தகராறில் ஆறு வருஷமாகப் பேசாதிருந்த பக்கத்து வீட்டுக்காரி வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பித்தளை பாய்லரை யாருக்குக் கொடுக்கிறதா உத்தேசம் என்று மெல்லக் கேட்டாள். வியாழக்கிழமை கோயிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்தார்கள், பூசாரி நட்சத்திரம் கேட்டபோது யாரோ ஐந்து என்றார்கள். வெள்ளிக்கிழமை முதல் சுற்றுலாக்காரர்கள் வந்து அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, கடைசி டீ என்று எழுதிப் போட்டார்கள். இறந்த பிறகும் கடை நடத்துகிறாளே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு பெண் மட்டும், அக்கா நீங்க சிரிக்காம இருந்தா நல்லா இருக்கும் என்று சொன்னாள். மாதம்மா கரண்டியைத் தூக்கிக்கொண்டு அவளைக் கார்வரை விரட்டினாள், அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

ஊர் பார்க்கலாம் என்றது கூட அவளுக்கு வலிக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் தீர்த்தகிரி வண்டியை நிறுத்திவிட்டு வாசலில் உட்கார்ந்து ஃபோனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, அவள் எதிரில் போய் நின்றாள். அவன் நல்லவன்தான், இருபத்திரண்டு வருஷத்தில் கையை நீட்டி அடித்ததில்லை, பிள்ளை இல்லை என்று ஒரு சொல் சொன்னதில்லை.

“நாளைக்கு வண்டி எடுக்காதய்யா. என் கூட இரு. வேற ஒண்ணும் வேணாம்.”

அவன் தலையைத் தூக்காமல், “பார்க்கலாம்” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் எழுந்தபோது ஜீப் இல்லை. கீழ் ரோட்டில் பன்னிரண்டு பேர் காத்திருப்பதாகவும், சாயங்காலம் அவர்களோடு வந்துவிடுவதாகவும், பயப்பட ஒன்றுமில்லை என்று ஃபோனில் ஒரு டாக்டர் சொல்லியிருப்பதாகவும் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருந்தான். மாதம்மா கொஞ்ச நேரம் அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதாள். பிறகு குளித்தாள், கல்யாணத்துக்கு எடுத்த அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு போய்க் கடையைத் திறந்தாள். வீட்டுக்குள் தாழ் போட்டுக்கொண்டு இரேன் என்று சென்றாயன் வந்து சொன்னதற்கு, உள்ள வந்து தூக்குற கஷ்டம் அதுக்கு எதுக்கு, வெளியிலயே தூக்கட்டும், நீங்க எல்லாம் பார்த்த மாதிரியும் இருக்கும் என்றாள். அவர் தலைகுனிந்து போனார்.

நான்கு மணிக்கே பாறையின் அடிவாரம் கொள்ளாமல் ஆள் நின்றது. ஊர் கண்டிராத கூட்டம், கார்கள் மூன்றாவது வளைவுவரை நின்றன. குழந்தைகளைத் தோளில் ஏற்றி வைத்திருந்தார்கள், குச்சிகளை நீட்டி வைத்திருந்தார்கள், வெளிச்சம் எந்தப் பக்கம் விழும் என்று பார்த்து இடம் பிடித்திருந்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால் மேட்டில் ஊர்க்காரர்கள் நின்றார்கள், அவர்கள் கையிலும் ஃபோன் இருந்தது. மாதம்மா டீ ஆற்றிக்கொண்டிருந்தாள், வாங்க ஆளில்லாமல் ஆற்றிக்கொண்டிருந்தாள்.

ஐந்தரைக்குப் புலி எழுந்தது. சோம்பல் முறித்தது. பாறையின் சரிவில், யாரும் அவசரப்படுத்த முடியாத ஒரு நடையில், இறங்கத் தொடங்கியது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. ஒருவரும் கத்தவில்லை, ஒருவரும் ஓடவில்லை, நூற்றுக்கணக்கான கைகள் ஒன்றுபோல் மேலே எழுந்தன. வழிக்குப் பக்கத்தில் நின்ற ஒருவன், அக்கா கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க என்றான். மாதம்மா அவன் முகத்தைப் பார்க்க முயன்றாள், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஃபோன்தான் இருந்தது. அங்கிருந்து பார்வையைத் தூக்கி மேட்டில் நின்ற தன் ஊரைப் பார்த்தாள். கூப்பிடவில்லை, கும்பிடவில்லை, ஒவ்வொருவராகப் பார்த்தாள். வாய்க்கால் தகராறுக்காரியைப் பார்த்தாள், பிரசவத்துக்குத் தான் தூக்கிப்போன எதிர்வீட்டு மருமகளைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள்.

டீச்சரின் கட்டைவிரல் ஃபோனில் அழுந்தியது.

புலியின் கழுத்திலிருந்து ஒரு கோடு உதிர்ந்தது. உதிர்ந்து மண்ணில் விழுந்து, காய்ந்த புளியங்காய் போலக் கிடந்தது. புலி அதைக் குனிந்து பார்த்தது, பின்பு நடந்தது. மேட்டில் வேறு யாரும் அசையவில்லை. இருபதடி இருந்தது, பதினைந்து அடி இருந்தது. அந்த எதிர்வீட்டு மருமகள் மாமியாரின் கையிலிருந்த ஃபோனைப் பிடுங்கி அழுத்தினாள், இன்னொரு கோடு விழுந்தது. மாமியார் அதைத் திரும்பப் பிடுங்கித் தன் விரலாலும் அழுத்தினாள். பஸ் போய்விடும் என்று ஒருவன் முனகினான், போவட்டும் என்று அவன் பெண்டாட்டி சொன்னாள், சொல்லிவிட்டு அழுத்தினாள். பத்தடி. ஒரு விரலுக்கு ஒரு கோடாக விழுந்துகொண்டே வந்தது, ஆனாலும் புலி நடந்துகொண்டே வந்தது, கோடில்லாத இடத்தில் மஞ்சள் மட்டும் நடந்து வந்தது, பல்லெல்லாம் அப்படியே இருந்தது. இரண்டு முழத் தூரத்தில் அது வாயைத் திறந்தபோது புளி வாடை குப்பென்று அடித்து மாதம்மாவுக்கு வாயில் எச்சில் ஊறியது. சாகப்போகிற நேரத்திலும் இந்த வாய்க்கு ஊறுகிறதே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. சென்றாயன் மஞ்சள் பலகைக்குப் பக்கத்தில் நின்றார். அந்தப் பலகையைத் தன் கையால் நட்டவர். அவர் அழுத்துவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டதை அவள் பார்த்தாள்.

அதன் பிறகு அவள் எதிரே பாறைதான் இருந்தது.

கூட்டம் கொஞ்ச நேரம் அப்படியே கையைத் தூக்கி நின்றது. பிறகு அவரவர் ஃபோனைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து பார்த்தார்கள், தட்டினார்கள், சுற்றும் முற்றும் பார்த்தார்கள், ஏதோ தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டவர்களைப் போலக் கூச்சப்பட்டார்கள். குச்சிகளை மடக்கி, குழந்தைகளை இறக்கிக்கொண்டு, ஒரு வண்டி, இரண்டு வண்டி என்று கிளம்பி, இருட்டுவதற்கு முன்னால் ஒருவரும் இல்லை. ஊர்க்காரர்கள் மேட்டிலிருந்து இறங்கி வந்து மாதம்மாவைச் சுற்றி நின்றார்கள், ஆளுக்கொரு டீ கேட்டார்கள். பாய்லரைக் கேட்டவள்தான் டம்ளர்களைக் கழுவிக் கொடுத்தாள்.

என்ன போயிற்று என்பது மறுநாள் விடிந்ததும் தெரிந்தது. ஆறு மணி பஸ் ஊர் முக்கில் நிற்காமல் போனது. ஆட்கள் கையைக் காட்டினார்கள், சத்தம் போட்டார்கள், டிரைவர் அவர்கள் நின்ற இடத்தை வெறும் புதராகப் பார்த்துக்கொண்டு வளைவில் திரும்பிப் போய்விட்டான். பால் வண்டி வரவில்லை. மூன்று மணி ஏற்பாட்டுக்கு இனி அவசியமில்லாததால் பெண்கள் பாறையை நிறைத்து, மிச்சப் புளியை ஊருக்குள் திரும்பும் தார் ரோட்டிலும் பரப்பினார்கள். யாரும் மாதம்மாவைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவள் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் பார்வையை எடுத்துக்கொண்டார்கள், அதுவே அவளுக்குப் பாரமாக இருந்தது. தீர்த்தகிரி இரவு வரவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

பத்து மணிக்கு அவள் ஜீப்பைப் பார்த்தாள். புலிக்கோடு போட்ட ஜீப், கூட ஆளில்லாமல், மெல்ல மேலே ஏறிப் போனது. கால் மணி கழித்து மெல்லக் கீழே இறங்கிப் போனது. முக்கில் நின்றுகொண்டு அவள் கூப்பிட்டாள், ஊர் வழக்கத்தில் இல்லாதபடி புருஷன் பெயரைச் சொல்லியே கூப்பிட்டாள். அவன் நாற்பதடி தூரத்தில், ஷேவ் செய்யாத முகத்தோடு, ஃபோனைப் பார்த்துக்கொண்டே கடந்து போனான். இராத்திரி முழுக்க இப்படித்தான் ஏறி இறங்கியிருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும், நன்றாக அலையட்டும் என்று மனசு சொன்னது. புலிக்கு விட்டுவிட்டுப் போனவன்தானே, மலையெல்லாம் சுற்றட்டும், டீசல் தீரட்டும். மூன்றாம் முறை ஜீப் வந்தபோது, அவன் கண்கள் சிவந்திருப்பதைப் பார்த்தபோது, அவள் நடு ரோட்டில் போய் நின்றாள்.

ஜீப் அவள் முழங்காலைத் தொடுகிற தூரத்தில் நின்றது. அவன் தலையை வெளியே நீட்டினான்.

“ஏங்கம்மா, இங்க எங்கயோ புலிப்பாறைன்னு ஒரு ஊர் இருக்கணுங்களே, வழி தெரியுங்களா? என் சம்சாரம் அங்க இருக்குறாங்க.”

இத்தனை வருஷத்தில் அவன் அவளுக்கு மரியாதை கொடுத்துப் பேசியது அன்றைக்குத்தான். மாதம்மாவுக்குச் சிரிப்பு வந்தது.

“புலிப்பாறைன்னு ஒண்ணும் இல்லீங்க. புளிப்பாறை இருக்குது. நான் வழி சொல்றேன், ஓட்டுங்க” என்று அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

பீச்சாங்கைப் பக்கம் ஒடிங்க என்றாள். ஃபோனில் இருந்தவள் நேராகச் செல்லவும் என்றாள். அவன் ஃபோனைப் பார்த்தான், பக்கத்தில் நீட்டியிருந்த கையைப் பார்த்தான். அவன் கண்ணுக்கு அங்கே பாதையே இல்லை, வெறும் சப்பாத்திக்கள்ளிப் புதர்தான் தெரிந்திருக்க வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு புதருக்குள் விடுவது போலத்தான் ஸ்டியரிங்கை ஒடித்தான். முன்சக்கரம் எதன்மேலோ ஏறியது. படபடவென்று புளியம்பழ ஓடு நொறுங்கியது, புளி வாடை ஜீப்புக்குள் ஏறியது. அவன் சட்டென்று பிரேக் போட்டு நிமிர்ந்து, ரோட்டைப் பார்த்தான், வீடுகளைப் பார்த்தான், பாறையைப் பார்த்தான், கடைசியாக அவளைப் பார்த்தான்.

“ஏண்டி, யார்டி புளியை நடு ரோட்டுல காயப்போட்டது?” என்றான்.

அந்த “டி”யைக் கேட்டதும், புலிக்கு முன்னால் வராத அழுகை மாதம்மாவுக்கு வந்தது. அழுதாள், மூக்கைச் சிந்தினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“ஞாயித்துக்கிழமை அஞ்சு நாப்பதுக்கு நீ எங்க இருந்த?”

ஃபோன் பக்கம் ஒரு தடவை அவன் கண் போனது, அதில் பதில் இருக்காது என்று அவனுக்கே தெரிந்திருக்கும். பிறகு இறங்கி, மண்டியிட்டு, சக்கரத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்த புளியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் சட்டையில் போடத் தொடங்கினான். ஜீப்புக்குள் அந்தக் குரல், முடிந்தால் திரும்பிச் செல்லவும், முடிந்தால் திரும்பிச் செல்லவும் என்று சொல்லிக்கொண்டே இருந்தது.